ஒரு சொட்டும் சிந்தாதவன்

கில்கிறிஸ்ட் வீட்டு ஆண்களைப் பற்றி பர்ன்பிரிட்ஜில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, எவ்வளவு ஊற்றினாலும் ஆடமாட்டார்கள் என்பதுதான். வேலைவெட்டி பார்ப்பார்களா, கட்டியவளை ஒழுங்காக வைத்துக்கொள்வார்களா என்பதெல்லாம் அப்புறம். அதைச் சொல்லும்போது சொல்கிறவருக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிரும், என்னவோ அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக டாக்டருக்குப் படித்த மாதிரி.

அந்தப் பெருமைக்குச் சாட்சியாக, மூத்தவர் டூகல் வீட்டுக் கணப்புக்கு மேலே கஜக்கிளாஸ் ஒன்று தொங்கியது. ஒரு கஜ நீளக் கண்ணாடிக் குழாய். மேலே புனல் மாதிரி வாய், அடியில் பந்து மாதிரி ஒரு உருண்டை. ஒருவனுக்கு இருபத்தொரு வயது ஆனால் ஊர் மன்றத்தில் எல்லோரையும் கூட்டி, பெற்றவர்கள் அவன் மானத்தை வாங்குகிற மாதிரி நாலு கதை சொல்லி, அந்தக் குழாய் நிறைய பீரை ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். வாயை எடுக்காமல் குடிக்க வேண்டும். பாதிக்கு மேல் குழாயைச் சாய்த்ததும் உருண்டையில் இருப்பது மொத்தமும் முகத்தில் அடிக்கும். திருகிக்கொண்டே சாய்க்கத் தெரிந்தவன் பிழைப்பான். பக்கத்தில் வாளி ஒன்று இருக்கும், வாந்தி எடுக்க. பெரும்பாலும் எடுப்பார்கள். அதையும் கைதட்டி ரசிப்பார்கள். சிந்தாமல், வாந்தியும் எடுக்காமல் முடித்தவன் பெயரை அந்த உருண்டையில் பொறிப்பார்கள். கில்கிறிஸ்ட் வீட்டு உருண்டையில் கடைசிப் பெயர் நீல். டூகலின் தம்பி. அதற்குக் கீழே இடம் காலியாக இருந்தது, நீலின் மகன் ஆங்கஸுக்காக.

ஆங்கஸுக்கு இருபது முடியப்போகிறது. இன்னும் ஒரு வாய் பீர் அவன் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

அவன் குடிக்காததற்குக் காரணம் பக்தியோ படிப்போ இல்லை. அப்பாவை அவன் பார்த்திருக்கிறான். சனிக்கிழமைகளில் அம்மா ரோனா பிள்ளைகள் இரண்டையும் புருஷனோடு வண்டியில் ஏற்றி அனுப்புவாள். பிள்ளைகள் கூட இருந்தால் சீக்கிரம் திரும்புவான் என்று அவள் கணக்கு. அவன் பப் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் ஆளுக்கு ஒரு சிப்ஸ் பொட்டலமும் சிவப்புச் சோடாவும் வாங்கி வந்து சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவான். அங்கே எல்லா வண்டியிலும் அப்படி நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். சன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிப்போய், அதில் ஆங்கஸும் தங்கச்சி கெர்ஸ்டியும் விரலால் ஆட்டுக்குட்டி வரைந்துகொண்டிருப்பார்கள். அப்பா வெளியே வரும்போது நேராகத்தான் வருவான். சாவியை ஒரே தடவையில் துவாரத்தில் நுழைப்பான். மற்றவன் தள்ளாடினால் சாவியைப் பிடுங்க நாலு பேர் ஓடி வருவார்கள். நீலிடம் யாரும் ஒருநாளும் சாவியைப் பிடுங்கியதில்லை. ஆடாதவனை எதற்குப் பிடிப்பது?

அந்தத் தென்கோடி நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். ஒரு ஜூலை மாதம், பனி வெள்ளையாக உறைந்து கிடந்த காலையில், விறகு அடுக்கின் ஓரத்தில் நீல் உட்கார்ந்த வாக்கிலேயே செத்துக் கிடந்தான். குடித்தவனுக்குக் குளிர் தெரியாது, அப்படியே தூங்கிவிட்டிருக்கிறான் என்றார்கள். டூகல்தான் வந்து தூக்கினார். சவ அடக்கத்தில் கறுப்புக் கோட்டோடு நின்ற ரோனா, கை கொடுக்க வந்த ஒவ்வொருத்தரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "ரத்தம். அவங்க அப்பாவும் இப்படித்தான் போனாரு. யாரு என்ன செய்ய முடியும்?" வந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். ரத்தம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வேலை இல்லை பாருங்கள்.

ஆனால் அப்பா செத்த அந்த ராத்திரி ஒன்பது வயது ஆங்கஸ் தூங்கவில்லை. கதவு தட்டுவது கேட்டது. அம்மாவின் காலடி கதவுவரை போய் நின்றதும் கேட்டது. தாழ் திறக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. காலடி திரும்பி வந்தது. வெளியே மறுபடி ஒரு தட்டு, பிறகு ஒன்றுமில்லை. அப்பா கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டிருப்பார் என்று அவன் நினைத்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மாவையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் நானும் கெர்ஸ்டியும் யாரோடு இருப்பது என்பதுதான் அப்போது அவனுக்கு இருந்த பயம்.

ரோனாவைக் குறை சொல்ல முடியாது, வேலையில் புலி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலையும் பக்கத்து ஊர் விடுதியில் மாலையும் வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கறிக் குழம்பும் மசித்த டர்னிப்பும் வேளை தவறாமல் போட்டாள். உடுப்பு கிழிந்து இருந்ததில்லை. போடும்போது கூடவே ஒரு சொல்லையும் தட்டில் வைப்பாள், அவ்வளவுதான். பால் தம்ளர் கை தவறினால், "கை நடுங்குதா? இப்பவே ஆரம்பிச்சாச்சா?" பாட்டை உரக்கப் பாடினால், "அப்பன் பாட்டு." பள்ளிக்கூட பஸ் தாமதமாக வந்தால், "எந்த பப்புல நின்ன?" அப்போது அவனுக்குப் பதினொன்று. கோபப்பட்டால் அப்பன் கோபம், சிரித்தால் அப்பன் சிரிப்பு, சும்மா இருந்தால் அப்பனும் இப்படித்தான் ஊமை மாதிரி இருந்தே கழுத்தறுத்தான் என்பாள். அவனுக்கென்று ஒரு குணத்தையாவது அந்த வீட்டில் யாரும் விட்டுவைக்கவில்லை.

கெர்ஸ்டி எதிர்த்துப் பேசுவாள். அப்படி ஒருநாள் பேசியதில் பாத்திரம் தேய்க்கிற பிரஷ் பறந்து வந்து நெற்றியில் பட்டது. சின்னப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு இன்வர்காகில் நகரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சித்தி வீட்டில் ரத்தத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. டிவி பார்ப்பார்கள், சண்டை போட்டால் அன்றைக்கே சமாதானம் ஆவார்கள். ஆங்கஸையும் வா என்று சித்தி கூப்பிட்டாள்தான். அவன் போகவில்லை. அம்மாவுக்கு விறகு யார் பிளந்து போடுவது?

பதினேழு வயதில் பால் பண்ணை வேலைக்குச் சேர்ந்தான். கன்றுக்குட்டிகளை வளர்ப்பது அவன் பொறுப்பு. ஒருநாள் வேலிக் கம்பி கையைக் கிழித்து, மருத்துவமனையில் தையல் போட்டார்கள். தையல் போட்ட நர்ஸ் வழக்கமான கேள்வியாக எவ்வளவு குடிப்பாய் என்று கேட்டாள். குடிப்பதே இல்லை என்றதும் ஊசியை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீலோட பையன்தானே நீ? உங்க வீட்ல எவ்வளவு குடிச்சாலும் ஏறாதுன்னு பெருமையடிப்பாங்கல்ல. அதுதான்ப்பா ஆபத்து. மத்தவனுக்கு நாலாவது கிளாஸ்ல தலை சுத்தும், குமட்டும், போதும்னு உடம்பே நிறுத்திரும். உங்களுக்கு அந்த மணி அடிக்காது."

"அப்ப ரத்தத்துல இருக்குன்னு அம்மா சொல்றது நெசந்தானா?"

"பாதி நெசம். மிச்சப் பாதி, உன் தலைமேல என்னென்ன வந்து விழுதுங்கறதப் பொறுத்தது. இந்த வயசுல மனசு நொந்து கிளாஸ்கிட்ட போய் நின்னா, அந்த ரத்தம் வா வான்னு கூப்பிடும். நோகாம இருக்கிறவன் இதே ரத்தத்த வச்சிக்கிட்டு எழுபது வயசு வரைக்கும் நல்லாவும் இருந்திருக்கான். நீ தொடல. அப்படியே இரு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தான். பாதி என்ற சொல்லை இரண்டு தடவை அழுத்திச் சொன்னான். ரோனா அடுப்பிலிருந்து குழம்பை இறக்கிக்கொண்டே கேட்டாள். முதல் பாதி காதில் விழுந்தது. "பாத்தியா? படிச்சவளே சொல்லிட்டா, ரத்தம்னு," என்றாள். மிச்சப் பாதிக்கு அவளுக்குக் காது இல்லை. இருந்தால் அந்தத் தாழ் ஞாபகம் வருமே.

அவன் இருபதைத் தொட்ட வருஷம் பண்ணை மந்தைக்கு நோய் வந்தது. மருந்தில்லாத நோய். மொத்த மந்தையும் வெட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. புட்டிப்பால் கொடுத்து அவன் வளர்த்த கன்றுகளும் அதில் சேர்த்தி. லாரியில் ஏற்றுகிற வேலையும் அவனுக்குத்தான், ஏனென்றால் அவன் பின்னால்தான் அவை வரும். பட்டன் என்று ஒரு கன்று, நெற்றியில் வட்டமாக வெள்ளை. பலகையில் ஏற மாட்டேன் என்று நின்று அவன் சட்டைக்கையைச் சப்பிக்கொண்டிருந்தது. அவன் முன்னால் ஏறி நடந்தான், அதுவும் ஏறியது. அவன் மட்டும் இறங்கி வந்தான்.

அன்றைக்குப் பண்ணை ஆட்கள் அத்தனை பேரும் பப்புக்குப் போனார்கள். ஆங்கஸும் கூடப் போய்ச் சிவப்புச் சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற நாளாக இருந்தால் கிண்டல் பண்ணியிருப்பார்கள். அன்றைக்கு எவனும் வாயைத் திறக்கவில்லை. கன்றுகளை ஏற்றி அனுப்பிய அன்றைக்கும் சோடாவோடு எழுந்து வந்தான் என்பதைக் கவனியுங்கள். ரத்தம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் போகவில்லை.

வீட்டில் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான். ரோனா தட்டை அவன் முன்னால் வைத்தாள். "கன்னுக்குட்டிக்கு இவ்வளவு அழுவுற. அப்பன் செத்தப்ப உன் கண்ணுல ஒரு சொட்டு வரல," என்றாள்.

மறுநாள் முதல் அவன் அழவும் இல்லை.

இருபத்தொன்று நெருங்கியது. விழா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அந்த ஊரில் அது நடக்காது. கேக்குக்குச் சொல்லியாயிற்று, மன்றம் பிடித்தாயிற்று. வேறு பண்ணையில் வேலை கிடைத்திருந்த நேரம், புது முதலாளியும் வருவதாகச் சொல்லியிருந்தார். டூகல் கஜக்கிளாஸைக் கம்பளியில் குழந்தை மாதிரி சுற்றிக்கொண்டு வந்து காட்டினார். ஆங்கஸ் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"பெரியப்பா, நான் குடிக்கலன்னா உங்களுக்குக் கோவம் வருமா?"

டூகல் தொப்பியைக் கழற்றிக் கையில் திருப்பினார். விறகு அடுக்கிலிருந்து தம்பியைத் தூக்கிய கை அது. "உன் பேரு அதுல வரணும்டா. அது ஒண்ணுதான் எனக்கு," என்றார். பிறகு, "உள்ள என்ன ஊத்துனோம்னு உருண்டைக்கா தெரியப்போவுது? இஞ்சி பீர் ஊத்துறேன். நிறம் அதே நிறம், நுரை அதே நுரை. குழந்தைங்க குடிக்கிறது, ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்கம்மா காதுல போட்றாத. அவளுக்குச் சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி."

அதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஒரு ஆளிடம் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு.

ஜனவரி மாதம், கோடை, ராத்திரி ஒன்பது மணி ஆனாலும் வெளிச்சம் போகாத காலம். மாலைக் கறவை முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு மன்றத்துக்கு வந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டு வந்திருந்தார்கள்: சீஸ் ரோல், குளிர்ந்த ஆட்டுக்கறி, முட்டை சாண்ட்விச், பாவ்லோவா என்கிற முட்டைவெள்ளைக் கேக். மூலையில் பீர்ப் பீப்பாய். கெர்ஸ்டி இன்வர்காகிலிலிருந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள். டூகல் சமையலறையிலிருந்து கஜக்கிளாஸை நிறைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாளியும் வந்தது. கூட்டம் மேஜையைத் தட்ட ஆரம்பித்தது.

ரோனா அதைப் பார்த்தாள். பழுப்பு நிறம், வெள்ளை நுரை. அவள் முகம் வெளுத்துப் போனது. அவளுக்கும் பயம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் பயம் எப்போதும் வாய் வழியாகத்தான் வெளியே வரும். பெற்றவள் பேசுகிற முறை அவளுடையது என்பதால் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"கதை சொல்லச் சொன்னீங்க. சொல்றேன். இவன் அப்பன் இதே எடத்துல, இதே கிளாஸ்ல குடிச்சான். நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. அப்புறம் அவனப் பொதைக்கவும் நீங்கதான் வந்தீங்க. இப்ப இவன். அச்சு அசல் அவனேதான். நடை, சிரிப்பு, பொய் எல்லாம். இன்னிக்கு ஊத்துங்க. பொதைக்கிற அன்னிக்கும் இதே மாதிரி தட்டு கொண்டாங்க."

யாரோ ஒருவன் இதுவும் வழக்கமான கேலிக் கதை என்று நினைத்துச் சிரித்தான். ஆங்கஸ் அம்மாவின் அருகில் போய் மைக்கில் விழாத மாதிரி சொன்னான். "பீர் இல்லம்மா. இஞ்சி பீர்."

அத்தோடு அவள் அவனைக் கட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் குனிந்து கிளாஸின் வாயை முகர்ந்தாள். பயம் போனது. பயம் போன இடத்தில் சிரிப்பு வந்தது. அவளால் அடக்க முடியவில்லை. மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"இஞ்சித் தண்ணி," என்றாள். மன்றமே சிரித்தது. சிரிப்பு கிடைத்ததும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. "குடிக்கவும் தைரியம் இல்ல, குடிக்க மாட்டேன்னு நின்னு சொல்லவும் தைரியம் இல்ல. உங்கப்பன் குடிச்சான், செத்தான். ஆனா ஊர ஏமாத்தல. அதுல பாதி ஆம்பள கூட இல்லையே நீ."

டூகல் தலையைக் குனிந்துகொண்டார். புது முதலாளி சிரித்தார். கெர்ஸ்டி அண்ணன் கையைப் பிடித்து, "வா, வெளிய போவோம்," என்று இழுத்தாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். கஜக்கிளாஸை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து நேராகப் பீப்பாயிடம் போய், குழாயைத் திறந்து அவனே நிறைத்தான். நுரை அடங்குகிறவரை பொறுமையாக நின்றான். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது.

வாயில் வைத்துத் தூக்கினான். யாரும் அவனுக்குத் திருகச் சொல்லிக் கொடுத்ததில்லை. மணிக்கட்டு தானாகத் திருகியது. குழாய் மெல்ல மெல்ல மேலே ஏறியது, உருண்டை கூரையைப் பார்த்தது, கடைசி நுரையும் இறங்கியது. ஒரு சொட்டு தாடையில் வழியவில்லை. கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டு நின்றான். வாளியைக் காலால் தள்ளிவிட்டான். கம்பம் மாதிரி நின்றான். "நீல் திரும்பி வந்துட்டான்டா," என்று யாரோ கத்த, மன்றம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டல். இரண்டு கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆடாமல் நிற்கிறான் என்று இவர்கள் கொண்டாடியது எதை? அந்த நர்ஸ் சொன்ன மணி அடிக்கவில்லை என்பதைத்தான்.

ஆங்கஸுக்குக் கைதட்டல் கேட்கவில்லை. பால் கறக்கிற கொட்டகையில் கடைசி மாடு வெளியே போனதும் பம்பை நிறுத்துவார்கள். அதுவரை அந்த இரைச்சல் இருந்ததே தெரியாது, நின்ற பிறகுதான் காதுக்கு ஓய்வு. அந்த மாதிரி அவனுக்குள் ஏதோ நின்றது. அம்மாவின் குரல், பட்டன் பலகையில் குளம்பு வைத்த சத்தம், கதவு தட்டுகிற சத்தம், மொத்தமும். இவ்வளவு அமைதி இங்கேயே பீப்பாயில் கிடந்திருக்கிறது, தெரியாமல் போயிற்றே என்று அவனுக்குத் தோன்றியது. இன்னொரு கிளாஸ் பிடிக்கப் போனான்.

உருண்டையில் பெயர் பொறித்தாயிற்று. அதற்குப் பிறகு முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு கறவைக்கு முன்னால், குளிருக்கு என்று தெர்மாஸில் கொஞ்சம். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நடை நேராக இருந்தது, வண்டி நேராகப் போயிற்று, வேலைக்கும் நேரத்துக்கு வந்தான். கடைசியில் காட்டிக்கொடுத்தது அவன் கால் இல்லை, ஒரு பசுதான். மருந்து போட்ட மாட்டின் மடியில் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள். அதன் பால் தொட்டியில் சேரக்கூடாது. அவன் அந்தச் சிவப்பைப் பார்த்தும் பார்க்காமல் கறந்துவிட்டான். தொட்டிப் பால் முழுக்கக் கெட்டு, சாக்கடையில் திறந்துவிட்டார்கள். மன்றத்தில் சிரித்த அதே முதலாளி அவனைப் போகச் சொன்னார். ரோனா கடை வரிசையில் நின்றுகொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ரத்தம் என்று சொன்னாள். அவள் குரலில் துக்கம் இருந்தது. கூடவே, சொன்னது பலித்தவளின் ஒரு நிம்மதியும் இருந்தது. அவள் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். தட்டில் இப்போது சொல் தேவைப்படவில்லை, பார்வையே போதும்.

அடுத்து கெர்ஸ்டிக்கு இருபத்தொன்று வந்தது. ஜூலை மாதம், மன்றத்துக்கு வெளியே புல்லெல்லாம் பனியில் விறைத்து நின்றது. பெண்ணுக்கும் அதே கிளாஸ்தான், அதே பீர்தான். அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். இரண்டு வாய் இறங்கியது, மூன்றாவது மூக்கு வழியாக வந்தது. திருகத் தெரியாமல் சாய்த்து முகமெல்லாம் நனைந்து, வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். "சீ, இதையா இத்தன வருஷமா மெச்சிக்கிட்டுக் கெடக்கீங்க," என்று முகத்தைக் கழுவிக்கொண்டு பாவ்லோவாவுக்குப் போய்விட்டாள். கூட்டம் ஊளையிட்டது. கில்கிறிஸ்ட் வீட்டு மானம் போயிற்று என்றார்கள். அந்த வீட்டிலேயே நல்ல வரம் வாங்கி வந்தவள் அவள்தான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

மிச்சத்தைக் கீழே ஊற்றுவது வழக்கமில்லை. ஆங்கஸ் எழுந்து வந்து வாங்கினான். ஒரே மூச்சு. தாடை காய்ந்தே இருந்தது. கைதட்டினார்கள்.

சீஸ் ரோல் தட்டோடு நின்றுகொண்டிருந்த ரோனா டூகலிடம் சொன்னாள். "பாத்தீங்களா? ரத்தம்."

"எனக்கும் அதே அப்பாதானம்மா," என்றாள் கெர்ஸ்டி, ஈர முகத்தோடு.

"நீ என் பக்கம்டி. இவன்தான் அவன் பக்கம். பொறந்தப்பவே எழுதியாச்சு, யாரு என்ன செய்ய முடியும்?"

ஆங்கஸ் காலிக் கிளாஸைப் பக்குவமாகக் கம்பளி மேல் வைத்தான். அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான். வேறு எவனாக இருந்தாலும் இந்நேரம் தரையில் கிடப்பான். அவன் அம்மாவுக்கு எதிரே நேராக நின்று, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொன்னான்.

"அன்னிக்கு அப்பா கதவத் தட்டுனப்ப நான் முழிச்சிட்டுதாம்மா இருந்தேன். நீ கதவுகிட்ட வந்து நின்ன. தாழத் தொறக்கல. திரும்பிப் போய்ப் படுத்துட்ட."

ரோனாவின் வாய் முதன்முறையாகச் சொல் தேடியது. கிடைத்தது ஒன்றுதான். "குடிச்சிட்டு ஒளர்றான்," என்றாள், டூகலைப் பார்த்து.

ஆனால் உளறல் எங்கே இருக்கிறது? நாக்கு குழறவில்லை. கால் பின்னவில்லை. கண் அவள் முகத்திலிருந்து நகரவில்லை. கில்கிறிஸ்ட் வீட்டு ஆண்கள் ஆடமாட்டார்கள் என்பது அந்த மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், டூகலுக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகவே தெரியும். அவர் ரோனாவைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"பூட்டியிருந்துச்சா ரோனா?" என்றார்.

அவள் தட்டை நீட்டினாள். "ஆறிடும், எடுத்துக்கங்க," என்றாள். யாரும் எடுக்கவில்லை. கெர்ஸ்டி தன் கோட்டைத் தேடிப் போனாள்.

ஆங்கஸ் அதே இடத்தில் காது கொடுத்து நின்றான். இத்தனை வருஷம் அடைத்து வைத்ததைச் சொல்லிவிட்டோம், இப்போதாவது உள்ளே அந்தப் பம்ப் நிற்கும் என்று எதிர்பார்த்தான். நிற்கவில்லை. கஜக்கிளாஸை எடுத்துக்கொண்டு, ஒரு தப்படியும் பிசகாமல் நடந்து, பீப்பாயின் குழாயைத் திறந்தான். நடந்தது தெரியாமல் பின்வரிசையில் ஒருவன் மேஜையைத் தட்ட ஆரம்பித்தான்.